பக்கத்துக் கட்டிலின் குரல்

பக்கத்துக் கட்டிலிலிருந்து மறுபடியும் அந்தக் குரல் கிளம்பியது.

பாரம் ஏற்றிய லாரி மேடேறுவதுபோல் உறுமி உறுமி உயர்ந்து, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெல்ல இறங்கியது.

அதில் ஓர் 'ஐயோ' இல்லை. ஓர் 'அம்மா' இல்லை. மருந்துக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான்.

"எங்க வீட்டுப் பொண்ணும்தான் வலியில கிடக்குறா. மூச்சு விடறாளா பாருங்க!" என்று என் நாத்தனார் நர்ஸிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

"முதல்ல மூச்சை விடச் சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

நான் துண்டின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்படித்தான். கார் கதவில் விரல் நசுங்கியபோதுகூட, "கதவைக் கொஞ்சம் திறக்கிறீங்களா?" என்றுதான் கேட்டேன். பல் டாக்டரின் முன்னறையில் வேலை. உள்ளே யாராவது அலறினால், வெளியே காத்திருப்பவர்களைப் பார்த்து ஒன்றுமே நடக்காததுபோல் சிரிக்க வேண்டும். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆனால் பிள்ளை இறங்கவில்லை.

விடியும்போது வந்து படுத்தவள் நான். வெயில் ஜன்னலைத் தாண்டி என் கால்மாட்டுக்கு வந்துவிட்டது. சோதித்துப் பார்த்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

"உடம்பை இப்படி முறுக்கி வெச்சிருந்தா அது எப்படிம்மா வரும்? தாடையை விடு. கத்தணும்னா கத்து."

துண்டை எடுத்துவிட்டு வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இத்தனை வருடம் பூட்டி வைத்த தொண்டை, கேட்டவுடன் திறந்துகொள்ளுமா? மீண்டும் துண்டைக் கவ்வினேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் உரக்கக் கத்தத் தொடங்கினாள்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய்த் திரை ஓரத்தில் நின்றார்.

"ஏம்மா, ஊரையே கூட்டுவியா? கொஞ்சம் அடக்கி வாசி!"

அந்தக் குரல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சொல்லப்போனால், இன்னும் ஒரு படி ஏறியது.

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. நர்ஸ் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் நெளிந்ததைப் பார்த்து என் பக்கம் ஓடிவந்தாள்.

அந்த வலியிலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. யார் அதட்டினாலும் அசையாத ஒருத்தி. யார் என்ன நினைப்பார்களோ என்ற கவலையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்த ஒருத்தி. முகம் தெரியாத அவளைப்போல் ஒரே ஒரு முறை இருந்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வலி எங்கள் இருவருக்கும் ஒன்றாக வந்தது.

அவள் குரல் எழுந்தது. நான் துண்டைத் துப்பினேன். ஓடும் பஸ்ஸின் கம்பியைப் பிடிப்பதுபோல் அந்தக் குரலைத் தாவிப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் பூனைக்குட்டியின் முனகல்போல் ஏதோ வந்தது. பிறகு தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக்கும் கீழே, எங்கிருந்தோ ஒன்று புரண்டு எழுந்தது. அது என் குரல்தான் என்று எனக்கே தெரியவில்லை.

"என்னம்மா இது, நீயுமா!" என்றார் நாத்தனார்.

"அப்படித்தான்! விடாதே! இறங்குது, இறங்குது!" என்று நர்ஸ் எனக்கு மேல் கத்தினாள்.

அதன் பிறகு எது அவள் குரல், எது என் குரல் என்று பிரிக்க முடியவில்லை. அவள் மூச்சு வாங்கும்போது நான் இழுத்தேன். நான் ஓயும்போது அவள் தூக்கினாள். வராந்தாவில் போன யாரோ எட்டிப் பார்த்துவிட்டு ஓடியே போனார்கள்.

போகட்டும். எனக்கு வெட்கமே வரவில்லை.

எங்கள் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு என் மகள் கத்தினாள். அவள் நிறுத்துவதற்குள் திரைக்கு அப்பாலிருந்து இன்னொரு பிஞ்சுக் குரல்.

நாத்தனார் அழுதபடியே, வலியில் நான் பிடித்து நசுக்கிய தன் கையை உதறிக்கொண்டிருந்தார்.

எல்லாம் துடைத்து முடித்த பிறகு திரையை விலக்கினார்கள்.

என்னைவிடச் சின்னவள். ஒட்ட வெட்டிய முடி, வியர்வையில் மின்னும் முகம், நெஞ்சின் மேல் ஒரு பையன். கட்டில் ஓரத்தில் அவளுடைய அம்மா.

"உங்க குரல்தான் எனக்கு வழி காட்டுச்சு. திட்டினப்பகூட நீங்க நிறுத்தலையே!" என்றேன்.

அவள் என் உதடுகளையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாவின் விரல்கள் காற்றில் வேகமாக எதையோ சொல்லின.

"அவளுக்குக் காது கேக்காதும்மா. பிறவியிலேயே" என்றார் அந்த அம்மா. "சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல அவ சத்தத்தைக் கேட்டுச் சிரிச்சிட்டாங்க. அன்னைக்கு வாயை மூடினவதான். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் நானே கேக்கறேன்."

நாத்தனார் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவள் அம்மாவின் கையைத் தட்டி, கவலையோடு விரல்களால் ஏதோ கேட்டாள்.

"ரொம்ப சத்தம் போட்டுட்டேனான்னு கேக்கறா."

நான் பதில் தேடுவதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார்.

"தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சுன்னு சொல்லுங்க. நல்லா கேட்டுச்சுன்னு சொல்லுங்க."

அந்த அம்மாவின் கைகள் ஜன்னலைக் காட்டின, தெருவைக் காட்டின, பிறகு விரியும் மட்டும் விரிந்தன.

அவள் கை பழக்கத்தில் வாயைப் பொத்தக் கிளம்பியது. பாதி வழியில் நின்றது.

கையை மகனின் முதுகில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள்.