அவர் கேட்காத சாயங்காலம்

டீயைக் குடித்து முடித்துவிட்டார். இன்னும் கேட்கவில்லை.

கமலவேணி கணவர் வைத்தியலிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மற்ற நாட்களில் டம்ளர் கையில் இருக்கும்போதே கேட்டுவிடுவார்.

"கதிரவன் வந்துட்டானா?"

"டியூஷன் போயிருக்கான். வந்துடுவான்."

"இருட்டுறதுக்குள்ள வரச் சொல்லு."

அவ்வளவுதான். அதோடு அவர் மனசு ஆறிவிடும்.

மகன் இறந்து பதினோரு வருடமாகிறது. மஞ்சள்காமாலை முற்றிவிட்டது. வைத்தியலிங்கம்தான் தன் கையால் கொள்ளி வைத்தார்.

மறதி நோய் வந்த புதிதில், அவர் கேட்டபோது அவள் உள்ளதைச் சொன்னாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்குத்தான் பறிகொடுத்தவர்போல. அழுது ஓய்ந்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் கேட்டார்.

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அழுதார்.

அவர் நினைப்பில் அவன் இன்னும் பள்ளிக்கூடப் பையன்தான். மூன்றாம் முறை, டியூஷன் என்றாள்.

மாலை போட்ட படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தாள்.

"நீங்க சிரிச்ச முகமா இருந்தா அவரும் தெம்பா இருப்பாரு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாள். குளிப்பாட்டும்போது சிரித்தாள். சட்டையில் கொட்டிய ரசத்தைத் துடைக்கும்போதும் சிரித்தாள். மகனுக்குத் திதி வரும் நாளில் மட்டும், அவர் கண்ணயர்ந்த பிறகு, குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சேர்ந்து அழ ஆளில்லை.

உறவுக்காரர்கள் முதலில் வந்து போனார்கள். பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. மருந்துக்கடைக்காரரிடம் பேசும் இரண்டு வார்த்தையோடு சில நாள் கழிந்துவிடும்.

அதனால்தானோ என்னவோ, அவர் கேட்கும் அந்தக் கேள்வி அவளுக்கு வேண்டியிருந்தது. பிள்ளையின் பெயரை அந்த வீட்டில் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? பதில் சொல்லிவிட்டு அவளே சில நேரம் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்ப்பாள்.

தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. அவர் கேட்கவில்லை.

அவளால் பொறுக்க முடியவில்லை.

"கதிரவனை இன்னும் காணோமே."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்க அது?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போனது.

"என் பையன்."

"என்ன பண்றான்?"

டியூஷன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இனி யாருக்காக அந்தப் பொய்?

"செத்துப்போயிட்டான்" என்றாள்.

அவர் அழவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவில்லை. முகம் மட்டும் வாடியது.

"அடடா. என்ன வயசு?"

"இருபத்தாறு."

பதினோரு வருடத்து அழுகை, அவர் முன்னாலேயே, சத்தமாக வந்தது.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். நாற்காலியைச் சற்று அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அழுதுடுங்கம்மா. அடக்கி வைக்காதீங்க."

அவள் அழுது முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

இருக்கிறார் என்று தலையாட்டினாள்.

"அவரைப் பாத்துக்குங்க. ஆம்பளைங்க வெளிய காட்டிக்க மாட்டாங்க."

"பாத்துக்கிறேன்" என்றாள்.