ஆளில்லாத சேணம்

முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் சவப்பெட்டியை வெள்ளைக் குதிரைகள் இழுத்துச் சென்றன. பின்னால், வீரர் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்த, இறந்தவர் இனி ஏறி வரமாட்டார் என்பதற்கு அடையாளமாக, வெறும் சேணத்தோடு ஒரு கறுப்புக் குதிரை வந்தது. அதற்கு இதுதான் முதல் ஊர்வலம்.

“அக்கா,” என்று முன்னால் போன வெள்ளைக் குதிரைகளில் ஒன்றைக் கூப்பிட்டது. “கூட்டத்தில் சிலர் அழுகிறார்கள், சிலர் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். இவர் நல்லவரா, கெட்டவரா?”

“ஒரு போரை நிறுத்தினார், இன்னொன்றைத் தொடங்கினார். எனக்கும் விளங்கவில்லை, தம்பி.”

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். இறந்தவரின் மனைவி மட்டும் மெல்ல வந்து, கறுப்புக் குதிரையின் கழுத்தில் சாய்ந்துகொண்டார்.

“அவருக்குக் குதிரை என்றாலே பயம், தெரியுமா?” என்று அதன் காதருகே சொல்லிச் சிரித்தார். அப்படியே அழத் தொடங்கினார்.

வீரர் கயிற்றை இழுத்தும், அந்த அம்மா அழுது முடிக்கும்வரை கறுப்புக் குதிரை அசையவில்லை.