திறக்காத பெட்டி

ஹெல்மெட் கம்பெனி மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. கிராஃபீன் என்ற கார்பன் பொருள் கலந்து பலமாக்கிய பிளாஸ்டிக், சாம்பிள் பாருங்கள் என்று ஒரு கம்பெனி அனுப்பிய கறுப்புப் பெட்டியில் பூட்டும் இல்லை, மூடியும் இல்லை. காலையிலிருந்து ஸ்டோர்கீப்பர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்க்ரூ டிரைவர் வளைஞ்சிடுச்சு சார். சுத்தியல் பிடியும் போச்சு."

"சாயங்காலம் முதலாளி வந்தா எதைக் காட்டுறது? நம்ம ஹெல்மெட் எல்லாம் உடைஞ்சு திரும்பி வருதுன்னு ஏற்கெனவே மனுஷன் கொதிச்சுக் கிடக்கார்."

"இதை அனுப்பினவங்களும் லேப்ல ஒரு ஸ்பூன் கிராஃபீன் பண்ணிட்டு, டன் கணக்குல பண்ணச் சொன்னா முழிக்கிற ஆளுங்களா இருப்பாங்க சார்."

"டன்னை விடுங்க. ஒரு பெட்டி ஒழுங்காப் பண்ணத் தெரியலையே."

மேனேஜர் பெட்டி அனுப்பிய கம்பெனிக்கே போன் போட்டார். எடுத்த பெண்ணிடம் எரிந்து விழுந்தார்.

"ஏம்மா, சாம்பிள் அனுப்புறவங்க திறக்குற மாதிரி அனுப்ப மாட்டீங்களா? எங்க சுத்தியலே உடைஞ்சு போச்சு."

"பெட்டிக்கு என்ன ஆச்சு சார்?"

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லேசா ஒரு கீறல். அதுக்கென்ன இப்போ?"

"உள்ளே ஒண்ணும் இல்லை சார். பெட்டிதான் சாம்பிள். எத்தனை டன் அனுப்பட்டும்?"