வாசல் பெஞ்சு

"அதோ பாருக்கா! நான் சொன்னா நம்ப மாட்டியே, இன்னிக்கும் வந்து உக்காந்திருக்கா."

கல்லூரி அலுவலகத்தின் மாடி ஜன்னலுக்கு அம்மாவை இழுத்துவந்து நிறுத்தினாள் அம்மாவின் தங்கை. தங்கைக்கு அந்த அலுவலகத்தில்தான் வேலை. அவள் போன் செய்ததும், தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள் அம்மா. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

கீழே, எதிர் வராந்தாவில், 'மனநல ஆலோசனை' என்று பலகை மாட்டிய அறை. வாசலில் ஒரு பெஞ்சு. அதில் காலை நீட்டிக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, அவள் மகள்.

"எதிர்லயே ஜெராக்ஸ் கடை. காலேஜே அங்கதான் க்யூவுல நிக்குது. வாலிபால் டீம் கேப்டன், புதன்கிழமை ஆனா போதும், இங்க வந்து உக்காந்துக்கறா. பார்க்கறவங்க சும்மா இருப்பாங்களா? 'மெண்டல் கேப்டன்'னு பேரே வெச்சுட்டாங்க. ஆபீஸ்ல எனக்குத் தலைகாட்ட முடியல."

பின்னால் இரண்டு கிளார்க்குகள் ஃபைலைப் புரட்டுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி..." என்றாள் அம்மா.

பட்டப்பெயர்கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பெற்றவளிடமே சொல்ல முடியாதபடி இந்தப் பெண்ணுக்கு அப்படி என்ன வேதனை?

படியிறங்கி ஓடினாள்.

வராந்தா முனைக்கு வந்ததும் கால் தானாக நின்றது.

கண்ணாடி போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி அந்த அறையைத் தாண்டிக் குடிநீர்க் குழாய்வரை போனாள். தாகமில்லாமல் ஒரு வாய் குடித்தாள். திரும்பினாள். ஒன்றுமே ஒட்டப்படாத அறிவிப்புப் பலகையை ரொம்பக் கவனமாகப் படித்தாள். ஜெராக்ஸ் க்யூவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ஏய் கண்ணாடி! ஃபர்ஸ்ட் இயரா?" மகள்தான் குரல் கொடுத்தாள்.

"ஆமாங்க்கா."

"உனக்குப் புண்ணியமாப் போகும், இந்த முழங்கால் பட்டையைக் கொஞ்சம் இழுத்துப் பிடியேன். ஒத்தைக் கையால மாட்ட வரல."

அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது. சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்து பட்டையைப் பிடித்தாள். கேப்டனுக்கு உதவி செய்கிறவளை யார் என்ன சொல்ல முடியும்? இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டார்கள்.

அறைக் கதவு திறந்தது. "அடுத்து யாரும்மா?"

கண்ணாடிக்காரி கேப்டன் முகத்தைப் பார்த்தாள்.

"போயிட்டு வா. உன் பையை நான் பார்த்துக்கறேன்."

கதவு மூடியதும், கஷ்டப்பட்டு மாட்டிய முழங்கால் பட்டையை மகள் அலுங்காமல் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"முட்டி நல்லாத்தானே இருக்கு?"

மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அம்மா! நீ எங்க இங்க? சித்தி வத்தி வெச்சுட்டாங்களா?"

"அதை விடு. உன் முறை எப்போ வருது?"

"எனக்கு ஏதும்மா முறை? நான் உள்ளே போனதே இல்ல."

"அப்புறம் எதுக்குடி இந்த வாசல்ல தவம் கிடக்கறே?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் என் கிளாஸ்ல ஒருத்தி இருந்தாளே, ஞாபகமிருக்கா? இந்த வாசலையே சுத்திச் சுத்தி வருவாம்மா. க்யூவுல எல்லாரும் பார்க்கறாங்கன்னு உள்ளே போகாமலேயே திரும்பிடுவா. கடைசியில படிப்பையே விட்டுட்டுப் போயிட்டா. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருந்தா போயிருப்பா. இப்போ யாராவது கேட்டா, 'சும்மா கேப்டன்கூடப் பேசிட்டிருந்தேன்'னு சொல்லிக்கலாம்ல?"

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. கூடவே கோபமும்.

"அதுக்கு நீ பேரைக் கெடுத்துக்கணுமா? எனக்கு ஒண்ணுமில்ல, துணைக்குத்தான் உக்காந்திருக்கேன்னு நாலு பேர்கிட்ட சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொல்லலாம். அப்போ கேப்டனுக்கு ஒண்ணுமில்ல, பக்கத்துல உக்காந்திருக்கறவளுக்குத்தான் ஏதோ கோளாறுன்னு ஆயிடும். நானே உள்ளே போய்ட்டு வர்றேன்னு நினைச்சாத்தாம்மா அவங்களுக்கு தைரியம் வருது."

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். வருஷா வருஷம் இவள் பள்ளிச் சீருடையின் மடிப்பைப் பிரித்து நீளம் கூட்டியவள் அவள்தான். இவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குள் தங்கை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கிளார்க்குகள் இருவரும் அவள் பின்னாலேயே.

"என்னக்கா, கேட்டியா? நிஜமாவே உள்ளே போறாளா, இல்ல வெட்டியா உக்காந்திருக்காளா? நீயே சொல்லு, இவங்களும் கேக்கட்டும். நாளைக்கு எனக்கு ஒரு பதில் வேணும்ல?"

ஜெராக்ஸ் க்யூ மொத்தமும் திரும்பிப் பார்த்தது. உண்மையை ஒரு வரி சொன்னால் போதும், மகளின் பேர் அந்த நிமிஷமே சுத்தமாகிவிடும். மகள் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அம்மா நிமிர்ந்து நின்றாள். க்யூவின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"ஆமாண்டி, உள்ளே போய்ப் பேசிட்டுத்தான் வர்றா. மனசு அப்படியே லேசாயிடுதாம்!"

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் நகர்ந்து உக்காரு கண்ணு. அடுத்தது நான்."