பம்பாய்க்குப் போன படம்

கவரைப்பேட்டை ஸ்டுடியோக்காரர் காமிராவோடு வந்தபோது, சின்னப்பொண்ணு மாலையும் நெற்றிக்காசுமாகக் கிடந்தாள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. இரண்டு குழந்தைகளும் அவள் காலடியில் கதறிக்கொண்டிருந்தன.

"மாலையைக் கொஞ்சம் எறக்கட்டுமா?"

"தொடாதீங்க சார்! அப்படியே சீக்கிரம் எடுங்க" என்று அவள் அண்ணன் மாரியப்பன் பதறினான். "மச்சான் அஞ்சு வருசமா பம்பாயில கீறாரு. ஒரு கடுதாசி கெடையாது. இதப் பாத்தாவது புள்ளைங்களத் தேடி வரட்டும்."

படம் தபாலில் போனது.

பதினைந்தாம் நாள் சின்னப்பொண்ணுவின் கணவன் கோபால் வந்து சேர்ந்தான். அவன் பின்னால், கழுத்தில் புதுத்தாலியோடு ஒரு பெண் நின்றாள்.

"புள்ளைங்களுக்கு ஒரு அம்மா வேணுமே மச்சான். அதான் கட்டிக்கினு வந்துட்டேன்."

உள்ளேயிருந்து சின்னப்பொண்ணு வெளியே வந்தாள். கோபாலுக்கு முகம் வெளுத்தது.

"நீ வரணும்னுதான்யா செத்த மாதிரி படுத்தேன்!" என்று அலறியபடி அவள் வாசற்படியிலேயே சரிந்தாள்.