இரண்டு மணிக்குத் தேர்வு

செரின் பயிற்சி அறையின் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாமி எப்படியாவது வந்து சேர்ந்துவிட வேண்டுமே என்று தவிக்கிறாள் என்றுதான் மற்ற பெண்கள் நினைத்தார்கள்.

"கவலைப்படாதே அக்கா, வந்துடுவா" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

செரின் தலையாட்டினாள். 'இன்னும் கொஞ்ச நேரம் வராமல் இருந்தால் போதும்' என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கை சுட்டது.

வழக்கமான மாதத் தேர்வுதான். ஆனால் இந்த மாதம் மதிப்பெண்ணோடு முடியாது. ஐந்து பெண்கள் கொண்ட புதுப் பாட்டுக் குழு வசந்தத்தில் மேடை ஏறப்போகிறது. நான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடம் செரினுக்கா, தாமிக்கா என்பதுதான் மிச்சம்.

செரினுக்கு இருபத்தொன்று. பதினான்கு வயதில் தலைநகர் சியோலுக்கு வந்து, பாட்டுக் குழுக்களைப் பழக்கி மேடையேற்றும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தவள். ஏழு வருடமாகத் தன்னையே பார்த்து ஆடும் அதே கண்ணாடிச் சுவர், அதே அவித்த முட்டையும் அரைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், காலையில் கண் விழித்ததும் எடை பார்க்கும் மெஷின். "இந்தக் குழுவுல இடம் கிடைக்கலேன்னா ஊருக்குப் போயிடு. அடுத்த குழு வர்றதுக்குள்ள உனக்கு வயசாகிடும்" என்று நிர்வாகி க்வோன் மேடம் சொல்லிவிட்டார்.

தாமிக்குப் பதினேழு. தெற்குக் கடலோர ஊரான மொக்போவிலிருந்து வந்து இரண்டே வருடம். அவள் ஆட ஆரம்பித்தால் டீச்சர்கள் குறிப்பெழுத மறந்துவிடுவார்கள்.

இருவருக்கும் விடுதியில் ஒரே அறை. போன வருடம் தாமிக்குக் கணுக்கால் பிசகியபோது, லிஃப்ட் இல்லாத நான்கு மாடியும் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறியவள் செரின். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினொரு நாள்.

அதே செரின்தான் இன்று காலை வாயைத் திறக்கவில்லை.

பயிற்சிப் பெண்களிடம் போன் கிடையாது. சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் க்வோன் மேடம் காலையில் விடுதிக்கே வந்து, சமையலறையில் நின்ற செரினிடம் சொன்னார்: "தேர்வு நாலு மணிக்கு இல்ல, ரெண்டு மணிக்கு. கம்பெனி டைரக்டர் எங்கேயோ போகணுமாம். தாமி ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்குள்ள அவகிட்ட சொல்லிடு."

மேடம் போன இரண்டாவது நிமிடம் தாமி ஷூ மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அக்கா, நாலு மணிக்குத்தானே? அதுக்கு முன்னாடி எனக்குத் தலை பின்னி விடறியா?"

"ம்" என்றாள் செரின். அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஒவ்வொருத்தியாக ஆடினார்கள், பாடினார்கள். செரினும் ஆடினாள். இந்த ஏழு வருடத்தில் அவள் இவ்வளவு நன்றாக ஆடியதில்லை. சிரிப்பு ஓரிடத்திலும் கலையவில்லை. அங்கே முதலில் கற்றுத் தருவதே அதைத்தான்.

தாமியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். டைரக்டர் பேனாவை மூடிவிட்டு எழுந்தபோது மணி மூன்றேகால்.

அப்போதுதான் கதவு திறந்தது. பள்ளிச் சீருடையில் தாமி நின்றாள்.

செரின் சுவரோரம் நகர்ந்தாள். 'நாலு மணின்னுதானே சொன்னீங்க' என்று இப்போது கேட்கப்போகிறாள். எல்லார் பார்வையும் தன் பக்கம் திரும்பப்போகிறது.

தாமி இடுப்பு வரை குனிந்தாள். "மன்னிச்சிடுங்க. பஸ் கிடைக்கல."

"நாளைக்கு ரசிகர்களையும் பஸ் வர்ற வரைக்கும் உட்கார வைப்பியா?" என்றார் டைரக்டர். "நேரம் தெரியாதவ எனக்கு வேண்டாம். பெட்டியைக் கட்டிக்கோ."

தாமி இன்னொரு முறை குனிந்துவிட்டு வெளியே போனாள். பாவம், பயத்தில் வாய்க்கு வந்ததை உளறிவிட்டாள் என்று செரின் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்து ஒரு விநாடி நிம்மதிப்பட்டதை எண்ணி வெட்கி, பிறகு கண்ணாடிச் சுவர் பக்கமே அவள் திரும்பவில்லை.

மறுநாள் காலை தாமியை வழியனுப்ப பஸ் நிலையத்துக்குப் போனாள். மொக்போ பஸ் புறப்பட இன்னும் சில நிமிடங்களே இருந்தன. பெட்டியைக் கையில் கொடுக்கும்போது செரினால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"தாமி, நேரம் மாறினதை மேடம் என்கிட்டதான் சொன்னாங்க. உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் மறக்கல. வேணும்னேதான் சொல்லல."

தாமி பெட்டியைக் கீழே வைத்தாள். ஓங்கி ஓர் அறை விட்டாலாவது தேவலை என்றிருந்தது செரினுக்கு.

"வா, திரும்பிப் போகலாம். டைரக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். அந்த இடம் உன்னோடது."

தாமி தன் சட்டைக் கையால் செரினின் நனைந்த முகத்தைத் துடைத்தாள். டீச்சர்கள் இரண்டு வருடம் பாடுபட்டு மாற்றிய பேச்சு போய், பழைய மொக்போ பேச்சு திரும்பியிருந்தது.

"நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா. நானும் வேணும்னேதான் லேட்டா வந்தேன்."

"உனக்குத்தான் நேரம் மாறினதே தெரியாதே?" என்றாள் செரின்.

"மேடம் மத்தியானம் பன்னெண்டு மணிக்கே ஸ்கூலுக்குப் போன் பண்ணினாவ. 'தேர்வு ரெண்டு மணிக்குன்னு செரின் சொன்னாளா'ன்னு கேட்டாவ."

டிரைவர் ஹாரன் அடித்தார். தாமி படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"'அக்கா காலையிலேயே சொல்லிட்டா'ன்னு சொன்னேன்."