ஏழு புள்ளி இரண்டு

அரசாங்கக் கடன் பத்திரத்தின் வட்டி ஆறரைக்குக் கீழே இறங்காமல் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பிரிய முடியாது.

கணவர் போட்ட சட்டம் அது. அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முதலீட்டுப் பிரிவில் இருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'புள்ளி'. மணி என்ன என்று கேட்டால்கூடப் புள்ளி வைத்துத்தான் சொல்வார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்.

"உங்கம்மாகூட ஒரே வீட்டுல என்னால முடியாதுங்க. பக்கத்துலயே சின்னதா ஒரு ஃப்ளாட் வாங்கிட்டுப் போயிடலாம்."

வேறு யாராவது என்றால் கண்ணீரைத் துடைத்திருப்பார்கள். இவர் கால்குலேட்டரை எடுத்தார்.

"இங்க பாரு. பத்திரத்துல போட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தாலே ஏழுக்கு மேல வட்டி வருது. அதையே ஃப்ளாட்டுல போட்டா, மிச்சமாகுற வாடகை மூணு பர்சென்ட்கூடத் தேறாது. இதுல வீட்டுக் கடன் வட்டி வேற ஒன்பது. இப்ப வாங்குறவன் முட்டாள். பத்திர வட்டி இறங்கினா கடன் வட்டியும் இறங்கும். ஆறரைக்குக் கீழ வரட்டும், மறுநாளே வாங்கிடலாம்."

அன்றைக்கே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளை போர்டு ஏறியது. தினமும் காலையில் குளிக்கப் போகும் முன் அன்றைய வட்டியை அதில் எழுதிவிட்டுப் போவார்.

அப்புறம் அந்த வீட்டுச் சண்டையே மாறிப்போனது.

"உங்கம்மா குழாய மூடினா பிளம்பர் வந்துதான் திறக்கணும்!"

"இவ மூடினா விடிய விடியச் சொட்டும்!"

"வட்டி இறங்கட்டும், ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்."

"இறங்கட்டும்டீ. உன் பெட்டிய நானே தூக்கிட்டு வந்து வெக்கிறேன்."

போர்டில் வட்டி கொஞ்சம் ஏறிவிட்டால் போதும், மத்திய வங்கிக்கு ரெண்டு பேரிடமும் திட்டு விழும். ஒரு பெரிய மனிதர் எங்கேயோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு இந்தக் குடும்பத்தைக் கெடுக்கிறார் என்பது மாமியாரின் தீர்மானம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுத் தரகர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

"சார், அடுத்த தெருவுலயே ரெண்டு ரூம் ஃப்ளாட். போன வாரம் மேடம் வந்து ஜன்னலுக்கெல்லாம் திரை அளவுகூட எடுத்துட்டுப் போனாங்களே, அதேதான். விக்கிறவர் அவசரத்துல இருக்கார். சாயங்காலம் இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட வராங்க. இப்பவே சரின்னு சொன்னா உங்களுக்குத்தான்."

கணவர் ஃப்ரிட்ஜ் பக்கம் கையைக் காட்டினார்.

போர்டில் 7.20.

தரகர் விழித்தார். கைப்பேசியை எடுத்துத் தட்டினார்.

"என்ன சார் இது? ஆறு புள்ளி நாலு! ஆறரைக்குக் கீழ வந்து நாலு மாசமாச்சே!"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி சட்டென்று அந்தக் கைப்பேசியைப் பிடுங்கினாள். "இது வேற ஏதோ நாட்டு வட்டி."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "பத்து வருஷப் பத்திரமா, அஞ்சு வருஷப் பத்திரமா? மொதல்ல அதச் சொல்லு."

"பத்து வருஷந்தாம்மா. நம்ம நாட்டு வட்டிதான்," என்றார் தரகர்.

"அப்ப உன் போன் பழசு."

"இங்க நெட்டும் சரியா எடுக்காது அத்தை."

"அதானே! முதலீட்டுப் பிரிவுல இருக்கிற என் பையனுக்குத் தெரியாதது இவனுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்!"

"கமிஷனுக்காக வட்டியவே இறக்குறாங்க அத்தை. என்ன தைரியம் பாருங்க!"

அந்த ரெண்டு பேரும் மூன்று வருடத்தில் ஒரே பக்கம் நின்று பேசியது அன்றைக்குத்தான். தரகர் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினார். வழியனுப்பக் கணவர் பின்னாலேயே வந்தார்.

வாசலில் தரகர் பொரிந்து தள்ளிவிட்டார்.

"சார், நான் வீடு காட்டிப் பிழைக்கிறவன். உங்க குடும்ப விஷயத்துல தலையிடக் கூடாது. ஆனா மனசு கேக்கல. வாங்க இஷ்டமில்லன்னா நேராச் சொல்லிடுங்க. பொய்யா ஒரு நம்பர எழுதி வெச்சு ரெண்டு பொம்பளைங்களையும் தினம் அடிச்சுக்க விடுறீங்களே, இது அடுக்குமா? வெளுத்ததெல்லாம் பால்னு நம்பிட்டு இருக்காங்க, பாவம்."

"நான் எழுதினது ஆறு புள்ளி நாலுதாங்க."

"என்னது?"

"இன்னிக்கும் அதான் எழுதினேன். நாலு மாசமா உள்ளத உள்ளபடிதான் எழுதுறேன். குளிச்சிட்டு வரதுக்குள்ள ஏழு புள்ளி ரெண்டு ஆயிடுது."

தரகர் மேலே நிமிர்ந்து பார்த்தார். மாடியில் குழாய்ச் சண்டை மறுபடி ஆரம்பித்திருந்தது.

"யாரு சார் மாத்துறது?"

"அன்னிக்கு யார் மொதல்ல ஃப்ரிட்ஜத் திறக்கிறாங்களோ அவங்க. ஒருத்தர் மாத்துறது இன்னொருத்தருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். எங்கம்மா ஏழு போட்டா நடுவுல ஒரு கோடு இழுப்பாங்க. இவ இழுக்க மாட்டா."

தரகருக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார்.

"அப்ப இன்னிக்கு?"

"கோடு இல்ல," என்றார் கணவர். "சாயங்காலம் வர பார்ட்டிக்கே குடுத்துடுங்க."